கார்த்திகை ஈரம்: சேரன்மகாதேவியிலிருந்து ராதாபுரம் வரை

நவம்பர் 29, சனி: சேரன்மகாதேவி

குற்றாலச் சாரலுக்காக ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஏராளம். ஊர் வீடுகளில் கைவேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகையில்தான் வர வேண்டும். அகல் விளக்குக்கு மண் மிதிப்பது, பாய்க்குக் கோரை கீறுவது, சுற்றினால் பொறி கொட்டும் மாவலிக்குக் கரி இடிப்பது, கொழுக்கட்டைக்கு ஓலை வெட்டுவது எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. மழையும் இதே மாதத்தில்தான். காற்றில் எந்நேரமும் ஈரம். அந்த ஈரத்தை எந்த வேலையில் சேர்த்துக்கொள்வது, எந்த வேலையில் அண்டவிடாமல் காப்பது என்பதில் இங்குள்ளவர்களுக்கு இருக்கும் தேர்ச்சி அசரவைக்கிறது. இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஏறிய பஸ் பேட்டையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி இறங்க மாட்டேனென்றது. பின் சீட்டுப் பெரியவர் தன் உரச்சாக்கை உதறி மடித்துச் சந்தில் செருகினார். "இது போதும். பத்தமடையில எறங்கும்போது எடுத்துக்கிடுதேன்" என்றார். பத்தமடை வந்ததும் எழுந்து வெளியே பார்த்தார். "மழ விடலல்லா, இருக்கட்டும்" என்று சாக்கை விட்டுவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வழி நெடுகப் பிசானம் என்கிற மழைக்கால நெல் நடவு முடிந்த வயல்கள். கன்னடியன் கால்வாயில் கரை முட்டத் தண்ணீர்.

தங்கிய வீட்டில் மதியத்துக்கு உளுந்தஞ்சோறு. நெல்லைப் பக்கத்து மழைநாள் சாப்பாட்டில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் முடிவு. நான்கு பேருக்கு இந்த அளவு: சாப்பாட்டு அரிசி இரண்டு டம்ளர், தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து முக்கால் டம்ளர், பூண்டு பதினைந்து பல், வெந்தயமும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் அரை மூடி, சுக்கு ஒரு சின்னத் துண்டு தட்டியது, உப்பு. உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் இருந்த உளுந்தில் ஒரு ஈரவாடை ஏறியிருக்கும். வறுத்தால்தான் அது போகும். சிவக்க விட்டால் கசக்கும். வறுத்ததைக் கழுவும்போது தொலி மிதக்கும். அதைத் தள்ளிவிடக் கூடாது, மணமும் நிறமும் அதில்தான். ஏழு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உளுந்தை முதலில் போட்டு, அது பாதி வெந்த பிறகு அரிசி, பூண்டு, மற்றதெல்லாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்து உளுந்து கடிபடும். தேங்காய் இறக்கும்போதுதான்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளைக் கழுவி, மணல் அரித்து, ஈரம் போக வெடிக்கும்வரை வறுத்து, நான்கு மிளகாய் வற்றல், சிறு துண்டு புளி, மூன்று பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய் சேர்த்துக் கெட்டியாக அரைத்தது. எள் வெடித்து அடங்கும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டிச் சூட்டிலேயே மிச்சம் வறுபட்டுவிடும்.

நவம்பர் 30, ஞாயிறு: காருகுறிச்சி

தென்காசி ரயிலில் அடுத்த ஸ்டேஷன். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) வழியாக ஊர்ப் பெயர் நாடறிந்தது. மண்பாண்டம் செய்கிறவர்களின் வேளார் தெருவில் இன்றைக்குத் திண்ணை, நடை, உள்வீடு எங்கும் அகல் விளக்குகள்தான். கட்டிலில்கூட மேலே பழஞ்சேலை விரித்து விளக்குகளை அடுக்கியிருந்தார்கள்.

விளக்கு செய்யும் வேலை கார்த்திகையில் தொடங்குவதில்லை. இப்போது குளம் நிரம்பிக் கிடக்கும், மண் அள்ள முடியாது. கோடையில் குளம் வற்றியபோதே அனுமதி வாங்கி, களிமண் எடுத்து, தார்ப்பாயின் கீழ்க் குவித்துவைக்கிறார்கள். அன்றைக்கு மண் கிடைக்காதவருக்குக் கார்த்திகையில் வேலை இல்லை. களிமண்ணை ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய மணல் தூவிக் காலால் மிதிக்கிறார்கள். களி கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் கூடினால் திரி வைக்கும் மூக்கைக் கிள்ளும்போதே பிய்ந்துவிடும். மிதிக்கும் கால் கல்லைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சாதாரணக் கல்லானால் அந்த இடத்தில் ஓட்டை விழும், அவ்வளவுதான். சுண்ணாம்புக் கல் பொல்லாதது. சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, விளக்கு நன்றாக இருப்பதுபோலவே வெளியே வரும். பிறகு இந்த மாதத்துக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஊதி, ஒரு வாரம் கழித்து விளக்கின் பக்கத்தைச் சில்லாகத் தெறிக்கவிடும். வாங்கிப் போனவர் வீட்டில் சும்மா வைத்த விளக்கு ஒருநாள் உடைந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

சக்கரம் இப்போது மோட்டாரில் சுற்றுகிறது. பெரிய மண் உருண்டையை நடுவில் நிறுத்தி, அதன் உச்சியில் மட்டும் ஒரு விளக்கை எழுப்பி, மூக்கைக் கிள்ளி, நூலால் அறுத்து எடுத்துவிட்டு, மிச்ச மண்ணின் உச்சியில் அடுத்தது. ஓர் உருண்டை தீர்வதற்குள் பலகை நிறைந்துவிடுகிறது. நூல் ஒரே உயரத்தில் போக வேண்டும். அடி தடித்த விளக்கு உள்ளே காயாது. அடி மெலிந்தால் எண்ணெய் கசியும்.

காயவைப்பதில்தான் கார்த்திகை படுத்துகிறது. வெயில் நாளில் நிழலில் அரைநாள், வெயிலில் ஒருநாள் போதும். இப்போது வாரம் ஆகிறது. அடுப்பங்கரைக்கு மேலே பரணில் ஒரு வரிசை, நடையில் ஒரு வரிசை என்று இடம் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? அந்த வீட்டு அம்மா ஒரு விளக்கை எடுத்து அடிப்பக்கத்தைத் தன் கன்னத்தில் வைத்தார். "சில்லுன்னு இருந்தா உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம். இதப் பாருங்க" என்று இன்னொன்றை நீட்டினார். இரண்டும் பார்வைக்கு ஒரே வெளிர்நிறம். ஒன்று கன்னத்தில் குளிர்ந்தது, மற்றது குளிரவில்லை. குளிர்ந்ததைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டார்.

ஈரமுள்ள விளக்கு ஒன்று சூளைக்குள் போனால் அது மட்டும் கெடுவதில்லை. உள்ளே நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும்போது பக்கத்து விளக்குகளையும் சேர்த்து உடைக்கிறது. அதனால் முதல் சில மணிநேரம் சிறுதீதான்: தென்னமட்டையும் கொஞ்சம் விறகும். மேலே வரும் வெள்ளைப் புகை தண்ணீர்ப் புகை. அது மெலிந்து நிறமற்றுப் போன பிறகே தீயைக் கூட்டலாம். மேலே வைக்கோல் மூடி, சேறு பூசி, மறுநாள் ஆறும்வரை கை வைப்பதில்லை. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்காற்று பட்டுக் கீறல் விழும்.

வீட்டு விலை சிறிய அகல் ஒன்று 2 ரூபாய். சேரன்மகாதேவி கடைத்தெருவில் அதுவே 4 ரூபாய். வாங்கும்போது சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்ல சூடு ஏறியது, சொத்தென்றால் வேக்காடு போதாது அல்லது கீறல். புது விளக்கை ஓர் இரவு தண்ணீரில் போட்டு ஊறவைத்து, மறுநாள் முழுக்கக் காயவைத்த பிறகே எண்ணெய் விட வேண்டும். ஊறாத விளக்கு எண்ணெயைக் குடித்து, அடியில் தரையெல்லாம் கறையாக்கும். ஊறவைத்துவிட்டுச் சரியாகக் காயவைக்காவிட்டால் திரி சடசடவென்று பொரிந்து அணையும். தீபத்துக்கு முந்தைய நாள் ஊறவைப்பவர்கள் மழை வந்தால் மாட்டிக்கொள்வார்கள். மூன்று நாள் முன்பே ஊறவைப்பது நல்லது.

டிசம்பர் 1, திங்கள்: பத்தமடை

காலையில் தூறல். டீக்கடையில் சுக்குக் காப்பி 15 ரூபாய். கருப்பட்டி உண்மையிலேயே போட்டிருந்தார்கள்.

வேளார் தெருவில் சபிக்கப்பட்ட ஈரம் இங்கே வேண்டப்பட்ட விருந்தாளி. வெக்கைக் காற்றில் கோரை மடிக்கும் இடத்தில் முறிந்துவிடும். சித்திரையில் பாய் முடைகிறவர்கள் கோரையை மணிக்கு ஒருமுறை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது ஈரத்துணியால் ஒரு துடைப்புப் போதும், ஓரத்தில் சொன்னபடி வளைகிறது.

பத்தமடைப் பாய் என்றால் வெளியூரில் எல்லோரும் ஒரே பாயை நினைக்கிறார்கள். ஊருக்குள் இரண்டு தொழில். ஒன்று படுக்கிற முரட்டுப் பாய். முழுக் கோரையோ இரண்டாகக் கீறியதோ போட்டு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய தடித்த நூல் பாவில் முடைவது. மற்றது பட்டுப் பாய். புவிசார் குறியீடு பெற்றதும், கல்யாணச் சீரில் மணமக்கள் பெயர் போட்டு வருவதும் இதுதான். பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் வேலை. தறியில் உட்காருவது பெண்கள்.

தாமிரபரணிக் கரையில் வெட்டிய கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறிவிட வேண்டும். காய்ந்தால் கத்தி நேராகப் போகாது. கீறியதை வெயிலில் காயவைத்துப் பச்சை மாறி வைக்கோல் நிறம் வந்ததும், பட்டுப் பாய்க்கானதை மட்டும் கட்டுக்கட்டாக ஓடுகிற தண்ணீரில் கல் வைத்து அமுக்கிச் சில நாள் போடுகிறார்கள். கோரை ஊறிப் பருத்து இளகும். அதன் பிறகு எடுத்து இன்னும் மெலிதாகக் கீற முடியும். தேங்கிய தண்ணீரில் போட்டால் நாற்றம் ஏறிக் கறுத்துவிடும். ஒருநாள் கூடிப்போனால் அழுகி நார் நாராகும். தினமும் ஒரு குச்சியை உருவி நகத்தால் கீறிப் பார்ப்பதுதான் அளவு. பிறகு திரும்பவும் காய்ச்சல், அதன் மேல் சாயம். முன்பு சிவப்புக்குப் பதிமுகக் கட்டை கொதிக்கவைத்த சாறு. இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்.

தறி தரையோடு தரையாகக் கிடக்கிறது. இரண்டு மூங்கிலுக்கு இடையில் பருத்திப் பாவு இழுத்துக் கட்டி, நடுவில் முக்காலிபோல மூன்று கம்புகள் நிறுத்தி நூலைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். முடைந்த பாயின் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, கோரையை ஒரு நீளக் குச்சியின் நுனியில் கோத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சால் அடிக்கிறார்கள். ஓரத்தில் கோரை நுனியை மடித்து உள்ளே தள்ளும் விரல்தான் பாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அங்கே சோம்பல்பட்டால் ஆறே மாதத்தில் ஓரம் பிரிந்துவிடும்.

பாவு நெருக்கம் எண்ணிக்கையில் சொல்லப்படுகிறது. நூறும் அதற்கு மேலும் போனால் பட்டுப் பாய். அதைத் துணிபோல மடிக்கலாம். முரட்டுப் பாயைச் சுருட்டத்தான் முடியும். மடித்தால் மடிப்பில் ஒடியும். முரட்டுப் பாய் 400 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பட்டுப் பாய் 5,000 ரூபாயில் தொடங்கி, பெயரும் பூவேலையும் கூடக் கூட ஏறிக்கொண்டே போகிறது. விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரு முறை தறிக்குப் பக்கத்தில் அரைமணிநேரம் உட்கார வேண்டும். அந்த அரைமணியில் பாய் இரண்டு விரல்கடைதான் வளர்கிறது.

பெயர் போடும்போது யாரும் பேசுவதில்லை. எழுத்து வரும் இடத்தில் பாவு இழைகளை எண்ணி எண்ணித் தூக்க வேண்டும். ஓர் இழை தப்பினால் எழுத்து கோணும், அவிழ்க்கத்தான் வேண்டும். கேள்வி கேட்டால் வரி முடியும்வரை பதில் வராது. முடிந்ததும் நிமிர்ந்து, "என்ன கேட்டிய?" என்று முழுக் கவனத்தோடு திரும்பினார் ஒரு ராத்தா. மதியம் கிளம்பும்போது, "மழைல எங்க போறிய, சாப்ட்டுட்டுப் போங்க" என்று எழுந்துவிட்டார். அப்படிச் சொல்லும் வீட்டில் மறுப்பது கஷ்டம்.

மீந்துபோகிற துண்டுக் கோரை வீணாவதில்லை. சிறு பிள்ளைகள் உட்காரத் தடுக்கு, விசிறி, காப்பி டம்ளர் வைக்கும் வட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளை சாயம் தப்பிய கோரைகளாகப் பொறுக்கி, பச்சையும் நீலமும் மாற்றி மாற்றிப் போட்டு விசிறி முடைந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் திருத்தவுமில்லை. ஊரில் நடக்கும் நல்ல கைவேலையில் பாதி இந்த மிச்சத் துண்டுகளில்தான் பழகப்படுகிறது என்று தோன்றுகிறது.

வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: மழைக்காலத்தில் வாங்கிய பாயைப் பிளாஸ்டிக் உறையோடு வைக்கக் கூடாது. முடைவதற்கு உதவிய அதே ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். முதல் வெயிலில் இரண்டு பக்கமும் ஒரு மணிநேரம் காட்டி, பழைய வேட்டியில் சுற்றி வைக்க வேண்டும். உச்சி வெயில் வேண்டாம், சாயம் மங்கும்.

டிசம்பர் 2, செவ்வாய்: களக்காடு, வள்ளியூர், ராதாபுரம்

தெற்கே போகப் போகப் பூமி நிறம் மாறுகிறது. களக்காட்டில் இன்னும் தண்ணீரும் வாழையும்தான். ஏத்தங்காய் சிப்ஸ் தேங்காயெண்ணெயில் போட்டு எடுத்த சூட்டோடு கால் கிலோ 100 ரூபாய். வள்ளியூர் தாண்டினால் மழை பின்தங்கிவிடுகிறது. ராதாபுரம் பக்கம் செம்மண்ணும் பனையும். நேற்று வரை பையிலிருந்த துணியெல்லாம் நமத்துக் கிடந்தது. இங்கே ஒரு மணி நேரக் காற்றில் காய்ந்துவிட்டது. மாவலி இந்தப் பக்கத்தில் நன்றாக அமைவதற்கு இந்த வறட்சிதான் முதல் காரணம்.

மாவலியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்; செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள், கடையில் வாங்குகிற மத்தாப்புக்கு இது ஒருநாளும் குறைந்ததில்லை.

அலகுப் பனை, அதாவது ஆண் பனையின் காய்ந்த பூதான் மூலப்பொருள். கோடையில் உதிர்ந்ததைப் பொறுக்கி, மழை படாமல் பரணில் போட்டுவைக்கிறார்கள். முழங்கால் ஆழக் குழி வெட்டி, பூவை உள்ளே அடுக்கிக் கொளுத்துவது. கொழுந்து அடங்கி, முழுக்கச் செந்தணலாக மாறும் நேரத்தில் ஈரச்சாக்கைப் போட்டு மண்ணை மூடிவிட வேண்டும். சீக்கிரம் மூடினால் உள்ளே வேகாத நார் நிற்கும். அந்தக் கரி புகையும், பொறி விடாது. தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். நேற்று மூடிய குழியை இன்று மத்தியானம் பிரித்தார்கள். பெரியவர் ஒரு கரித்துண்டை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினார். ஓசையில்லாமல் பொடிந்தது. "இதாக்கும் பதம். நெரிக்கும்போது நாரு தட்டுப்பட்டா அத எடுத்து அடுப்புல போட்டுருவோம்" என்றார்.

பிறகு உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலிப்பது. சலித்த தூளில் உப்பு ஒரு சிட்டிகை சேர்க்கிறார்கள். அதற்கு மேல் சேர்த்தால் உப்பே ஈரத்தை இழுத்துவிடும். சலிக்காத தூளில் கட்டி இருந்தால் சுற்றும்போது பூப்பொறியாக விழாமல் நெருப்புத் துண்டாகத் தெறித்துச் சட்டையைப் பொசுக்கும்.

துணி கட்டாயம் பழைய பருத்தி வேட்டி. பாலியெஸ்டர் கலந்தது உருகி ஒட்டும். ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு கட்டைவிரல் பருமன் வரும்படி பை தைத்து, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குச்சியால் இடித்து இறுக்குகிறார்கள். மாவலியின் உயிர் இந்த இறுக்கம். தளர்ந்திருந்தால் கால்மணியில் எரிந்து முடிந்துவிடும், இல்லையென்றால் நடுவில் உடைந்து விழும். வாயைத் தைத்து, ஒன்றரை அடிப் பச்சைப் பனைமட்டையை மூன்று பத்தையாகக் கீறி, நடுவில் பையை வைத்து, மேலும் கீழும் மட்டைநாரால் கட்டுவது. காய்ந்த மட்டை தானே தீப்பிடிக்கும். பச்சை மட்டைதான் தாங்கும். பிடிக்கும் கயிறு நான்கடி, மட்டைநார் அல்லது தென்னங்கயிறு. நைலான் கயிறு சூட்டில் அறுந்தால் நெருப்பு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

செய்து முடித்ததை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டார்கள், நாளை சாயங்காலம் வரை. சேரன்மகாதேவிக்குக் கொடுத்தனுப்பிய இரண்டை வாழைச்சருகில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் பை. "ஆத்துப் பக்கம் போகுதுல்லா, நமத்துரும்" என்று ஆச்சி இரண்டு தரம் முடிச்சுப் போட்டார். இரண்டுக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

கருப்பட்டி கிலோ 380 ரூபாய். பதநீர்க் காலம் கோடையோடு முடிந்துவிடுவதால் இப்போது கிடைப்பது சேமித்துவைத்த சரக்கு. மழைக்காலத்தில் கருப்பட்டி வேர்த்து ஒழுகும். இந்த ஊர் வீடுகளில் அதை ஓலைக் கொட்டானில் போட்டு, அடுப்புப் புகை படுகிற பரணில் வைக்கிறார்கள். வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டுக் கடையில் 220 ரூபாய்க்குக் கிடைத்தது பாதிக்குப் பாதி சீனிப்பாகு. வாயில் போட்டால் தித்திப்பு மட்டும் முன்னால் வந்தது, பனை மணமே இல்லை. பண்டிகை வாரத்தில் இப்படி விற்பது அநியாயம். கொழுக்கட்டையே கெட்டுவிடும்.

டிசம்பர் 3, புதன்: திருக்கார்த்திகை, சேரன்மகாதேவி

காலையிலேயே அரிசியை ஊறவைத்தாகிவிட்டது, மாவு மில்லில் கரண்ட் இல்லை. ஊறிய பச்சரிசியை இந்த ஈர நாளில் சாயங்காலம் வரை வைத்தால் புளித்துவிடும். பக்கத்து வீட்டு உரலில் இடிப்பதென்று முடிவாயிற்று. கேட்டதும் அந்த வீட்டுக்காரர் உரலைக் கழுவித் துடைத்துவிட்டு உலக்கையும் எடுத்து வந்தார். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒரு கிலோ அரிசி முக்கால் மணிநேரம். மில் மாவைவிட இது கொஞ்சம் கொரகொரப்பு. ஓலைக் கொழுக்கட்டைக்கு அந்தக் கொரகொரப்புத்தான் நல்லது, வெந்தபின் மெழுகாகிப் போகாமல் பூவாக உதிர்கிறது.

அளவு: பச்சரிசி ஒரு கிலோ, கருப்பட்டி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, தேங்காய் ஒன்று, சிறுபயறு 150 கிராம், ஏலக்காய் எட்டு, சுக்கு ஒரு துண்டு, உப்பு ஒரு சிட்டிகை. அரிசி இரண்டு மணிநேரம் ஊறி, வடித்து, துணியில் பரப்பி, கையில் ஒட்டாமல் ஆனால் ஈரமாக இருக்கும்போதே இடிக்க வேண்டும். இடித்த மாவை இளந்தீயில் வறுப்பது; மாவால் தரையில் கோடு போட்டால் அறுபடாமல் விழும் அளவுக்கு. வறுக்காத மாவு பசையாக ஓலையில் அப்பிக்கொள்ளும். பயறை வாசம் வர வறுத்து, முக்கால் வேக்காடு. கருப்பட்டியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரையவிட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். பதநீர்க் கலயத்தில் பூசிய சுண்ணாம்பும் மணலும் அடியில் நிற்கும். வடிகட்டாமல் ஊற்றினால் பல்லில் நறநறக்கும். பாகு காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும்.

கரைசலை வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மழைநாளில் மாவிலேயே ஈரம் கூடுதலாக இருப்பதால், கடைசி அரை டம்ளரை ஊற்றாமல் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். இன்றைக்கு அந்த அரை டம்ளர் தேவைப்படவே இல்லை.

ஓலை குருத்துக்கு அடுத்த இளம் பச்சை. முற்றியது மடித்தால் கீறும், குருத்தோ மணம் தராது. ஈரத்துணியால் துடைத்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நடு ஈர்க்கு உடையாமல் விரித்து, உள்ளே மாவை அடைத்து, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து ஓலைநாரால் இரண்டு கட்டு. நிறைய அடைத்தால் வேகும்போது மாவு உப்பிக் கட்டைப் பிரித்துவிடும். ஓலை விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிற்க வேண்டும். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு வைத்து, இருபத்தைந்து நிமிஷம். பச்சை ஓலை வெளுத்துப் பழுப்பு ஏறினால் வெந்தாயிற்று. பத்து நிமிஷம் ஆறவிட்டுப் பிரித்தால் ஒட்டாமல் வரும். முதல் கட்டைப் பிரித்தபோது அந்த நடை முழுக்கப் பனங்காட்டு வாசனை. சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட முதல் ஒன்றோடு நிறுத்தவில்லை. உரல் கொடுத்த வீட்டுக்குத் தட்டு நிறையப் போயிற்று.

ஐந்தரை மணிக்குத் தூறல் நின்றது. விளக்கு ஏற்றுவதில் இந்த ஊர்ப் பெண்கள் செய்த ஏற்பாட்டை எல்லோரும் பின்பற்றலாம். திரிகளை மதியமே நல்லெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டார்கள். நமத்த பஞ்சுத் திரியை அப்படியே ஏற்றினால் நுனி கருகி நின்றுவிடும். எண்ணெய் ஏறிய திரிக்குள் ஈரம் புகுவதில்லை. நுனியில் துளி கற்பூரப் பொடி. வாசல்படி, கிணற்றடி, மாட்டுத்தொழுவம், துளசிமாடம், வாரியல் (துடைப்பம்) வைக்கிற மூலை வரைக்கும் விளக்கு. காற்று அடிக்கும் பக்கம் மாடக்குழிக்குள். கோலத்தில் அரிசிமாவு ஈரத் தரையில் கரையாமலிருக்க, தரையைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு இழைத்தார்கள்.

ராதாபுரத்து மாவலிகளில் ஒன்று முதலில் மந்தமாகப் புகைந்தது. அடுப்பங்கரையில் கொஞ்சநேரம் தொங்கவிட்டுத் திரும்பவும் நுனியில் தணல் வைத்து, ஊதி ஊதிச் செந்நிறம் ஏறிய பிறகு சுற்றியபோது பொறி கொட்டியது. வெட்டவெளியில், வைக்கோல்படப்பிலிருந்து தள்ளி நின்று, முதலில் பைய ஆட்டி, பிறகு தலைக்கு மேல் வட்டமாக. வேகம் கூடக் கூடப் பொறி நுணுகி அடர்ந்து விழுகிறது. "ஏல, கைய மடக்காத, நீட்டிச் சுத்து" என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் வாத்தியார்கள். கால்மணிக்கு மேல் நின்று எரிந்தது, நல்ல இறுக்கம்.

எட்டு மணிவாக்கில் கோவில் முன்னால் சொக்கப்பனை. நட்ட பனையைச் சுற்றி ஓலை கட்டியிருந்தார்கள். வெளி ஓலை நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்த ஓலையைத் திணித்திருந்ததால் பற்றிக்கொண்டது. எரிந்து சாய்ந்ததும் கரிந்த துண்டுகளை வயலில் போடுவதற்காக எடுத்துப் போனார்கள்.

டிசம்பர் 4, வியாழன்: கல்லிடைக்குறிச்சி

வெயில். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு இந்த வெயில்தான் வேண்டும். உளுந்துமாவு, உப்பு, அப்பளக் காரம், பிரண்டைச் சாறு. மழை நாளில் மாவு இடித்தாலும் திரட்ட மாட்டார்கள். திரட்டிய அப்பளம் முழுக்கக் காயவும் கூடாது, முழு ஈரமாக நிற்கவும் கூடாது. அதிகம் காய்ந்தால் அடுக்கும்போது ஓரம் உடையும், ஈரம் நின்றால் கட்டுக்குள்ளேயே பூஞ்சை. இன்றைக்கு ஒரு மணிநேரம் போதும் என்றார்கள். மேகம் பார்த்து நடுவில் இரண்டு தரம் உள்ளே எடுத்து இரண்டு தரம் வெளியே போட்டார்கள். இப்போது வாங்குகிறவர்கள் கட்டைப் பிரித்து ஒருமுறை வெயில் காட்டி, காற்றுப் புகாத தகர டப்பாவில் வைத்தால் தை மாதம் வரை நன்றாகப் பொரியும். பொரிக்கும்போது எண்ணெய் புகையும் சூடு வேண்டாம். ஒரு சின்னத் துண்டைப் போட்டு, போட்ட உடனே மேலே எழும்பினால் அதுதான் பதம்.